பழைய ஆபீஸ் நன்றாகத்தான் ஓடுகிறது, அப்படியும் மாற வேண்டுமா?

நீங்கள் கேட்டதை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு கணினிகள் உள்ள சின்ன அலுவலகம். எல்லாவற்றிலும் மைக்ரோசாஃப்டின் ஆபீஸ் 2016. கடிதம், ஒப்பந்தம், மாதக் கணக்கு எல்லாம் அதில்தான் நடக்கிறது. முன்பு வேலை பார்த்த ஒருவர் எழுதிவைத்துப் போன மேக்ரோ கோப்பு (வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல் உள்ள எக்ஸெல் கோப்பு) ஒன்றும், ஆபீஸின் தரவுத்தள மென்பொருளான ஆக்ஸஸில் ஒரு வாடிக்கையாளர் பட்டியலும் இருக்கின்றன. கணினிகளைப் பராமரிப்பவர் உடனே புதியதுக்கு மாறச் சொல்கிறார், உங்களுக்கோ எதுவும் கெட்டுப்போனதாகத் தெரியவில்லை. "புதியதில் அப்படி என்னதான் இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்வியை இரண்டு முறை படித்த பிறகு எனக்குத் தோன்றியது, புதியதில் என்ன இருக்கிறது என்பது உங்கள் கவலையே இல்லை. மாறாமல் விட்டால் என்ன ஆகும், மாறினால் எது உடையும், இந்த இரண்டும்தான் உங்களை உறுத்துகின்றன. அதற்கே பதில் சொல்கிறேன்.

பதினைந்து வருடங்களுக்கு மேலாகச் சிறு அலுவலகங்களில் இந்த மாற்ற வேலையைத்தான் செய்துவருகிறேன். லைசன்ஸ் விற்பதில்லை, அதனால் நீங்கள் மாறினாலும் மாறாவிட்டாலும் எனக்கு ஒன்றுமில்லை. இத்தனை வருடங்களில் எனக்கு உறுதியாகப் பட்டது ஒன்று: புதிய வசதிகளின் பட்டியலைப் பார்த்து இந்த முடிவை எடுக்கக் கூடாது. உங்கள் கோப்புகளைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். அவை யாரிடமிருந்து வருகின்றன, யாருக்குப் போகின்றன, அவற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வேறு என்னவெல்லாம் இருக்கிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயம். ஆபீஸ் 2016, 2019 இரண்டுக்கும் மைக்ரோசாஃப்ட் ஆதரவை 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. ஆபீஸ் 2021க்கு 2026 அக்டோபர் 13 கடைசி நாள். ஆபீஸ் 2024க்கு 2029 அக்டோபர் 9. ஆதரவு முடிந்தது என்றால் மென்பொருள் நின்றுவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள், அப்படி எதுவும் இல்லை. நாளைக்கும் வேர்டு திறக்கும், அச்சிடும், சேமிக்கும். நின்றுபோவது பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்தான். இனிமேல் ஏதாவது ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதை அடைக்க யாரும் வரமாட்டார்கள்.

அந்த "மட்டும்" எவ்வளவு பெரியது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்ல வேண்டும். வேர்டில் கணிதச் சமன்பாடுகளைச் செருகுவதற்கு ஈக்வேஷன் எடிட்டர் என்று ஒரு பழைய சிறு நிரல் இருந்தது. 2000ஆம் ஆண்டில் உருவான அந்த நிரல், யாரும் தொடாமலேயே பதிப்பு பதிப்பாகக் கூடவே வந்துகொண்டிருந்தது. பதினேழு வருடம் கழித்து, 2017ல்தான் அதில் ஒரு ஓட்டை வெளியே தெரிந்தது. மேக்ரோ வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம், மின்னஞ்சலில் வந்த ஒரு வேர்டு கோப்பைத் திறந்து திருத்த அனுமதி கொடுத்தாலே போதும், வேறொருவருடைய நிரல் உங்கள் கணினியில் ஓடும். அந்த நவம்பரில் திருத்தம் வந்தது, 2018 ஜனவரியில் அந்த நிரலையே எடுத்துவிட்டார்கள். ஆனால் திருத்தம் போடாத கணினிகளைக் குறிவைத்து அதே ஓட்டை அதற்குப் பிறகும் பல வருடங்கள் பயன்படுத்தப்பட்டது. இதே மாதிரி ஒன்று இனி ஆபீஸ் 2016ல் வெளிப்பட்டால் உங்கள் ஆறு கணினிகளும் திருத்தம் போடாத அந்தக் கூட்டத்தில்தான் இருக்கும். அது வருமா, எப்போது வரும் என்பதை யாராலும் கணித்துச் சொல்ல முடியாது. "நாளைக்கே ஹேக் ஆகிவிடும்" என்று உங்களை யாராவது பயமுறுத்தினால் அதை நம்ப வேண்டாம், "இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே" என்பதையும் நம்ப வேண்டாம்.

அதனால் முதல் கேள்வி இது: வெளியாட்கள் அனுப்பும் கோப்புகளை எந்தெந்தக் கணினிகளில் திறக்கிறீர்கள்? முன்பின் தெரியாதவர்கள் அனுப்பும் விண்ணப்பமும் பில்லும் வந்து விழும் கணினி ஒன்று இருக்கும், அதில் ஆதரவு முடிந்த ஆபீஸை வைத்திருக்கவே கூடாது என்பது என் திடமான கருத்து. இணையத்தோடும் மற்றக் கணினிகளோடும் சம்பந்தமில்லாமல் ஒரு மூலையில் தட்டச்சுக்கும் அச்சுக்கும் மட்டும் இருக்கும் கணினி என்றால் அதில் 2016 இன்னும் சில காலம் இருந்துவிட்டுப் போகட்டும். ஆறையும் ஒரே நாளில் மாற்ற வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. இதோடு விண்டோஸையும் சேர்த்துப் பாருங்கள், ஏனென்றால் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் அதே 2025 அக்டோபர் 14 அன்றுதான் முடிந்தது. உங்கள் கணினிகளால் விண்டோஸ் 11க்குப் போக முடியாது என்றால் ஆபீஸ் உங்களுடைய இரண்டாவது பிரச்சினைதான்; கதவில் பூட்டு இல்லாத வீட்டில் அலமாரிக்கு மட்டும் பூட்டு மாற்றுவது போல ஆகிவிடும்.

சரி, வசதிகளுக்கு வருவோம். வேர்டில் கடிதமும் ஒப்பந்தமும் தட்டச்சு செய்பவருக்கு 2016க்கும் 2024க்கும் இடையே பணம் கொடுத்து வாங்கும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. பவர்பாயிண்டிலும் பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான். எக்ஸெல் கதை வேறு. விலுக்கப் (பட்டியலில் ஒன்றைத் தேடி அதற்குரிய மதிப்பை எடுத்துத் தரும் பார்முலா) வைத்துக் கணக்குப் போடுபவர்களுக்கு அதன் தொல்லை தெரியும்: எத்தனையாவது நெடுவரிசை என்று எண்ணிக் கொடுக்க வேண்டும், நடுவில் யாராவது ஒரு நெடுவரிசையைச் செருகினால் விடை சத்தமில்லாமல் மாறிப்போகும், கடைசியில் ஃபால்ஸ் போட மறந்தால் தோராயமான பொருத்தத்தை எடுத்துக்கொண்டு தவறான எண்ணை நம்பிக்கையாகக் காட்டும். அதே வேலையைச் செய்யும் புதிய பார்முலாவான எக்ஸ்லுக்கப்பில் இந்த மூன்று தொல்லையும் இல்லை. அதோடு ஃபில்டர் (வடிகட்ட), சார்ட் (வரிசைப்படுத்த), யூனிக் (திரும்ப வருபவற்றை நீக்க) போன்ற பார்முலாக்கள் ஒரே செல்லில் எழுதினால் விடைகளைக் கீழே தாமாகவே விரித்துக்கொள்ளும். இவை 2021லும் அதற்குப் பிந்தைய பதிப்புகளிலும் உண்டு, 2019ல் கூட இல்லை. தினமும் இரண்டு மணி நேரம் எக்ஸெலில் உட்காருபவர் ஒருவர் உங்கள் அலுவலகத்தில் இருந்தால் அவருக்கு மட்டும் இது உண்மையிலேயே வாழ்க்கையை எளிதாக்கும்.

ஆனால் வாங்கும் முன் இரண்டு விஷயங்களை முயன்று பாருங்கள். உங்கள் 2016லேயே டேட்டா தாவலில் பவர் குவெரி உள்ளே இருக்கிறது. பன்னிரண்டு மாதக் கோப்புகளை ஒரு ஃபோல்டரில் போட்டு ஒரே பட்டியலாகச் சேர்ப்பது, குப்பையாக வரும் தரவைச் சுத்தம் செய்வது எல்லாம் அதில் முடியும். புதிய எக்ஸெல் வேண்டும் என்று என்னிடம் வந்தவர்களில் பலருக்குத் தேவைப்பட்டது இதுதான், அது பல வருடங்களாக அவர்கள் கணினியிலேயே இருந்தது. இன்னொன்று, பிரௌசரில் ஓடும் இலவச எக்ஸெல். மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்று இருந்தால் போதும், எக்ஸ்லுக்கப் உட்படப் புதிய பார்முலாக்களை அதில் எழுதிப் பார்க்கலாம். உங்கள் மேக்ரோ அதில் ஓடாது, அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கலவையாக வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால், அதாவது இரண்டு கணினியில் புதியது, நான்கில் பழையது என்றால், ஒரு பொறி இருக்கிறது, இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். புதிய எக்ஸெலில் எக்ஸ்லுக்கப் போட்ட கோப்பை 2016ல் திறந்தால் முதலில் எல்லாம் சரியாகத்தான் தெரியும், ஏனென்றால் கடைசியாகச் சேமித்தபோது இருந்த விடையை அது அப்படியே காட்டும். பார்முலா பட்டையைப் பார்த்தால்தான் பார்முலாவின் பெயருக்கு முன்னால் சம்பந்தமில்லாத சில எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். அந்தச் செல்லைத் தொட்டுத் திருத்தினால் பெயர் தெரியவில்லை என்று பிழை காட்டும், அதாவது நல்லது, தெரிந்துவிட்டது. தொடாமல் விட்டால்தான் ஆபத்து: பழைய விடை பழையபடியே நிற்க, அதை நம்பி ஒருவர் தொகையை எழுதி அனுப்பிவிடுவார். அதனால் கலவையாக இருக்கும்வரை, பொதுவாகப் பகிரும் கோப்புகளில் புதிய பார்முலாக்களைப் போடக் கூடாது என்று எல்லோரிடமும் சொல்லிவையுங்கள். வாய்ச்சொல்லாக விடாமல் எழுதி ஒட்டிவைத்தால் இன்னும் நல்லது.

இப்போது எது உடையும் என்பதற்கு வருகிறேன். பல வருடங்களுக்கு முன் ஓர் அலுவலகத்தில் ஆபீஸை மாற்றிக் கொடுத்தேன். எல்லாக் கோப்புகளும் திறக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன், திறந்தன, கிளம்பிவிட்டேன். மாதக் கடைசியில் அழைப்பு வந்தது. சம்பளக் கோப்பில் தேதியைத் தேர்ந்தெடுக்கும் சின்ன நாட்காட்டி காணவில்லை, கணக்குப் போடும் பட்டனை அழுத்தினால் பிழை. ஆபீஸ் 32 பிட், 64 பிட் என்று இரண்டு வகையில் வரும்; நான் போட்டது 64 பிட் பதிப்பு, அந்த நாட்காட்டிக் கட்டுப்பாடு 32 பிட்டில் மட்டுமே ஓடுவது, மேக்ரோவில் விண்டோஸின் உள் வசதிகளை அழைக்கும் பழைய வரிகளும் 64 பிட்டுக்குப் பொருந்தாதவை. கோப்பு திறக்கிறதா என்று பார்த்த நான் பட்டனை அழுத்திப் பார்க்கவில்லை. அன்று இரவு 32 பிட் பதிப்பைத் திரும்பப் போட்டு முடித்தபோது, சம்பளத்துக்காகக் காத்திருந்தவர்கள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். அது முழுக்க என் தவறு. அதற்குப் பிறகு, ஒவ்வொரு பட்டனையும் அழுத்திப் பார்க்காமல் எந்த அலுவலகத்திலிருந்தும் நான் கிளம்பியதில்லை.

உங்கள் மேக்ரோ கோப்புக்கும் இதே கதி வருமா என்பதை அதைப் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது. ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்ல முடியும். ஆபீஸ் 2019 முதல் நிறுவும்போது தானாக வருவது 64 பிட், 32 வேண்டுமென்றால் நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆபீஸ் 2024ல் ஆக்டிவ்எக்ஸ் கட்டுப்பாடுகள் முடக்கப்பட்ட நிலையிலேயே வருகின்றன. ஷீட்டின் மேல் அப்படிப் பட்டன்களையும் பட்டியல் பெட்டிகளையும் வைத்திருந்தால் அவை அசையாது, ஆபீஸின் பாதுகாப்பு அமைப்புகள் இருக்கும் ட்ரஸ்ட் சென்டரில் போய் மீண்டும் அனுமதிக்கலாம், ஆனால் ஏன் முடக்கினார்கள் என்பதை யோசித்துவிட்டுச் செய்யுங்கள். அப்புறம், மின்னஞ்சலிலோ இணையத்திலோ வந்த கோப்புகளில் இருக்கும் மேக்ரோக்களை ஆபீஸ் தானாகவே தடுக்கும் வழக்கம் 2022ல் வந்தது. நீங்கள் பழைய கணினியிலிருந்து உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்ட கோப்பு கூட இதில் மாட்டும். கோப்பின் ப்ராபர்ட்டீஸில் அன்பிளாக் என்று ஒரு கட்டம் இருக்கும், அதை டிக் செய்தால் சரியாகிவிடும். நல்ல மேக்ரோ கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்.

ஆக்ஸஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆபீஸ் 2024 ஹோம் பதிப்பில் வேர்டு, எக்ஸெல், பவர்பாயிண்ட், ஒன்நோட் மட்டும்தான். அவுட்லுக் வேண்டுமென்றால் ஹோம் அண்ட் பிசினஸ். இரண்டிலுமே ஆக்ஸஸ் இல்லை. ஆபீஸ் என்று எழுதியிருந்தால் எல்லாம் உள்ளே இருக்கும் என்று நினைத்து வாங்கிவிட்டு, வாடிக்கையாளர் பட்டியலைத் திறக்க வழியில்லாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் தரவுத்தளம் மிகவும் பழையதாக, ஆக்ஸஸ் 97 காலத்து வடிவில் இருந்தால் 2013 முதல் வந்த எந்த ஆக்ஸஸும் அதைத் திறக்காது. 2016ல் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதால் உங்களுடையது அந்த வகை இல்லை, அந்தக் கவலை வேண்டாம். பப்ளிஷரில் துண்டறிக்கை ஏதாவது வைத்திருந்தால் அதை இப்போதே பிடிஎஃப் ஆகவும் வேர்டாகவும் மாற்றிவையுங்கள். ஆபீஸ் 2024 தொகுப்புகளில் பப்ளிஷர் கிடையாது, அதன் ஆதரவு 2026 அக்டோபரோடு முற்றிலும் முடிகிறது.

எழுத்துரு விஷயத்தில் சின்னதாக இரண்டு எச்சரிக்கைகள். 2007லிருந்து தானாக வந்துகொண்டிருந்த கேலிப்ரியின் இடத்தில் 2023 முதல் ஆப்டாஸ் வந்திருக்கிறது. புதிய கணினியில் ஆப்டாஸில் தட்டச்சு செய்ததைப் பழைய கணினியில் திறந்தால் வேறு எழுத்துரு போய் உட்காரும், பக்கங்கள் இடம் மாறும், கையெழுத்துக்கான இடம் அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்படும். அலுவலகத்துக்கென்று ஓர் எழுத்துருவை முடிவுசெய்து டெம்ப்ளேட்டில் வைத்துவிட்டால் தீர்ந்தது. மற்றொன்று, பாமினி போன்ற பழைய தமிழ் எழுத்துருக்களில் உள்ள கோப்புகள். திறப்பதால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது, எழுத்துருவை நிறுவியிருந்தால் போதும். ஆனால் அவற்றின் அடியில் இருப்பவை ஆங்கில எழுத்துகள், புதிதாக நிறுவிய வேர்டில் ஆட்டோகரெக்ட் முழுவதும் இயங்கிக்கொண்டிருக்கும், வாக்கியத்தின் முதல் எழுத்தை அது பெரிய எழுத்தாக மாற்றும்போது தமிழ் எழுத்தே வேறாகிவிடும். பழைய கணினியில் யாரோ எப்போதோ அதை அணைத்துவைத்திருப்பார்கள், அது யாருக்கும் நினைவிருக்காது.

சந்தாவா, ஒரேமுறை வாங்குவதா என்று கேட்பீர்கள் என்று தெரியும். இதில் உறுதியானது: மைக்ரோசாஃப்ட் 365 என்ற ஆபீஸ் சந்தா நின்றால் உங்கள் கோப்புகள் போய்விடாது, திறந்து படிக்கலாம், அச்சிடலாம், ஆனால் அந்த ஆபீஸில் திருத்தவோ புதிதாக எழுதவோ முடியாது. ஒரேமுறை வாங்கும் 2024 ஒரு கணினிக்கு ஒன்று, புதிய வசதிகள் அதற்கு வராது, பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2029 வரை வரும். இனி வருவது என் கருத்து மட்டுமே: ஒரே கோப்பில் பலர் ஒரே நேரத்தில் வேலை செய்கிறார்கள், ஆக்ஸஸும் வேண்டும் என்றால் அது அடங்கிய சந்தா பொருந்தும். ஒவ்வொருவரும் அவரவர் கோப்பை வைத்து வேலை செய்யும் அலுவலகத்துக்கு ஒரேமுறை வாங்குவதே நிம்மதி. விண்டோஸ் 10ஐ விட்டு இப்போதைக்கு நகர முடியாதவர்களுக்கு இன்னொரு தகவல், 365 செயலிகளுக்கு விண்டோஸ் 10லும் 2028 அக்டோபர் 10 வரை பாதுகாப்புத் திருத்தம் தருவதாக மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. அது ஆபீஸுக்குத்தான், விண்டோஸுக்கு அல்ல.

ஆபீஸுக்கு மாற்றாக இருக்கும் லிப்ரே ஆபீஸை ஏன் சொல்லவில்லை என்று கேட்கும் முன் நானே சொல்கிறேன், சின்ன அலுவலகங்களில் அதற்குக் கிடைக்கும் மரியாதை போதாது. 2010ல் ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்து வளர்ந்த திட்டம், இலவசம், வருடத்துக்கு இரண்டு பெரிய பதிப்புகள் வருகின்றன, 2024 ஆகஸ்டில் வந்த 24.8 பதிப்பில் எக்ஸ்லுக்கப், ஃபில்டர், சார்ட், யூனிக் எல்லாம் சேர்ந்துவிட்டன. கடிதமும் சாதாரணக் கணக்கும் மட்டும் செய்யும் கணினிகளுக்கு, ஆதரவு முடிந்த 2016ஐ விட அப்டேட் வரும் லிப்ரே ஆபீஸ் பாதுகாப்பானது என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் உங்கள் மேக்ரோ அதில் அப்படியே ஓடும் என்று எதிர்பார்க்காதீர்கள், ஆக்ஸஸில் செய்த படிவங்களும் அதில் வராது. வெளியாட்களோடு மாறி மாறித் திருத்தும் ஒப்பந்தங்களிலும் பக்க அமைப்பு கொஞ்சம் நகரும். அங்கே அது வேண்டாம்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன். மின்னஞ்சல் வந்து விழும் கணினியையும் எக்ஸெலில் அதிகம் உட்காருபவரின் கணினியையும் முதலில் மாற்றுவேன். மேக்ரோவும் ஆக்ஸஸும் இருக்கும் கணினியைக் கடைசிவரை தொடமாட்டேன், ஆனால் அதில் மின்னஞ்சலும் வெளியிலிருந்து வரும் கோப்புகளும் திறக்கக் கூடாது என்று நிறுத்திவிடுவேன். மீதி மூன்றில் ஒன்றில் லிப்ரே ஆபீஸைப் போட்டு ஒரு மாதம் ஓட விடுவேன், முணுமுணுப்பு இல்லையென்றால் மற்ற இரண்டுக்கும் அதுவே. மாற்றுவதற்கு முன் எல்லாக் கோப்புகளையும் வெளி டிஸ்கில் பேக்கப் எடுத்து, அதிலிருந்து ஒரு கோப்பைத் திறந்தும் பார்த்துவிடுவேன். ஒரே கணினியில் பழையதையும் புதியதையும் சேர்த்து வைக்க முயல மாட்டேன், பழைய லைசன்ஸ் எண்ணைத் தூக்கியும் போட மாட்டேன். மாற்றும் நாள் மாதத் தொடக்கத்தில் இருக்க வேண்டும், மாதக் கடைசியில் வேண்டவே வேண்டாம்.

மேக்ரோ கோப்புக்கு மட்டும் இன்றே ஒரு வேலை செய்யுங்கள். கோப்பின் நகல் ஒன்றை எடுத்து எக்ஸெலில் திறந்து, ஆல்ட்டையும் எஃப்11ஐயும் சேர்த்து அழுத்தினால் மேக்ரோ எழுதிய பக்கம் வரும். அதில் டிக்ளேர் (Declare) என்ற சொல்லைத் தேடுங்கள், விண்டோஸின் உள் வசதிகளை அழைக்கும் வரிகளில் அந்தச் சொல் இருக்கும். இல்லையென்றால் பெரும்பாலும் தொல்லை இருக்காது, ஆனால் ஷீட்டில் நாட்காட்டியோ பட்டியல் பெட்டியோ இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். டிக்ளேர் இருந்தால், அந்த வரிகளை மட்டும் எழுதி அனுப்புங்கள், எவற்றை மாற்ற வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.